கடல் தெரியாத ஊரில் இரண்டு நாட்கள்

காரைதீவுச் சந்தியில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். கடலுக்கு முதுகைக் காட்டியபடி மேற்கே போகிற பஸ். சம்மாந்துறை தாண்டியதும் வீடுகள் குறைந்து இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. மாசி மாதம். பெரும்போக வேளாண்மை முற்றி நின்றது. சில வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த நாட்களில் அரிவி வெட்டுக்குப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். இப்போது அவர்கள் ஒரு நாள் செய்த வேலையை இயந்திரம் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறது. "எங்கட கைக்கு வேலை இல்லாமப் போச்சு" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா. பிறகு அவரே, "ஆனா முதுகு நோவும் இல்ல" என்று சிரித்தார்.

நான் போனது வரிப்பத்தான்சேனைக்கு. அம்பாறை மாவட்டத்தில், இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள முஸ்லிம் கிராமம். அட்டாளைச்சேனை, வாழைச்சேனை என்று 'சேனை' சேர்ந்த ஊர்ப் பெயர்கள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த காலத்தின் நினைவு அந்தப் பெயர்களில் இருக்கிறது. இன்று இங்கே வயலும், வளவுகளில் தென்னையும் மாவும், பள்ளிவாசலும், பாடசாலையும், சிறு கடைகளும். பக்கத்தில் இறக்காமம் குளம். இங்கே காற்றில் வைக்கோல் மணமும் சேற்று மணமும் உண்டு, உப்பு மணம் இல்லை. இரவில் எவ்வளவு காதைக் கொடுத்தாலும் கடல் இரைச்சல் கேட்காது.

அதற்காகத்தான் ராத்தா இந்த ஊருக்கு வந்தார்.

ராத்தா என்று நான் சொல்பவர் எனக்கு இரத்த உறவில்லை. நான் காரைதீவுத் தமிழ்ப் பெண். அவர் சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். எங்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையில் மாளிகைக்காடு மட்டும்தான். ஆனாலும் 2004 டிசம்பர் 26 வரை நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. முதல் முதலாகக் கண்டது கடலில்தான். பெயரை எழுத வேண்டாம் என்று ராத்தா கேட்டுக்கொண்டார். ஆகவே ராத்தா என்றே எழுதுகிறேன்.

ஓட்டோ படலையடியில் நின்றதும் ராத்தா வெளியே வந்தார். முழங்கால் நோவு கூடிவிட்டது, நடை தளர்ந்திருந்தது. "வாகா புள்ள, வெயிலுக்க நிக்காத" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பகலுக்கு விரால் மீன் ஆணமும், கீரையும், எருமைத் தயிரும். எல்லாம் குளமும் வயலும் கொடுத்தவை. இருபது வருடமாக அந்த வீட்டில் கடல் மீன் சமைப்பதில்லை. மருமகனுக்கு ஆசை வந்தால் வெளியே சாப்பிட்டு விட்டு வருவாராம். அதை அவரே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

அந்த நாளைப் பற்றி இந்தப் பக்கங்களில் பல சகோதரிகள் எழுதிவிட்டார்கள். அலை வந்ததை நான் திரும்பவும் விவரிக்கப் போவதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கரையில் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் இவ்வளவு உயிர் போன வேறு மாவட்டம் இல்லை. பலரை அலை சுவரோடு அடித்தது. சிலரைத் திரும்பும் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் அந்தச் சிலரில் அடக்கம்.

நினைவு தெளிந்தபோது நான் ஒரு வாசற் கதவின் மேல் பாதி உடம்பு கிடக்கத் தொங்கிக்கொண்டிருந்தேன். பிணைச்சல்கூடக் கழன்றிருக்கவில்லை. யார் வீட்டுக் கதவோ தெரியாது. சுற்றிவரப் பாய், கதிரை, தென்னோலை, செத்த ஆடு. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையிலேயே பிறந்தும், எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் பழக்கியதில்லை. ஒரு பக்கமாகத் தொங்கியதால் கதவு அடிக்கடி புரண்டது. புரளும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

அப்போதுதான் ஒரு பிளாஸ்டிக் பரலைக் கட்டிப்பிடித்தபடி ராத்தா மிதந்து வந்தார். உடுத்திருந்ததெல்லாம் அலையில் போயிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முதலில் சொன்னது, "என்னப் பாக்காத புள்ள" என்பதுதான். என் சேலையின் பாதி இடுப்பில் சுற்றிக் கிடந்தது. அதைப் பல்லால் கிழித்து ஒரு துண்டை அவருக்குக் கொடுத்தேன். மிச்சத்தால் பரலைக் கதவின் பிணைச்சலில் கட்டினோம். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். கதவுக்கு மேலால் கையை நீட்டி, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அப்படிப் பிடித்த பிறகுதான் கதவு புரளாமல் நின்றது.

ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் அப்படிக் கிடந்தோம். பின்னேரம் ஒரு வள்ளம் வந்து எங்களை ஏற்றியது. அதில் இருந்த இரண்டு பேரும் விடியமுன் ஆழ்கடலுக்குப் போனவர்கள். அலை தங்களுக்குக் கீழால் போனது அவர்களுக்குத் தெரியவே இல்லை. ஆழ்கடலில் சுனாமி அலை ஒரு மீற்றர் உயரம்கூட எழும்பாதாம், கரை கிட்ட வந்தால்தான் மலைபோல எழும்பும். பொழுதுக்குக் கரை திரும்பும்போது மிதக்கும் சாமான்களைக் கண்டு திகைத்து, பிறகு எங்களைக் கண்டார்கள். ஒருவர் தன் சேட்டைக் கழற்றி ராத்தாவுக்குப் போர்த்தினார். கரைக்குப் போனால் தன் வீட்டில் யார் மிச்சம் என்று அவருக்கு அப்போது தெரியாது. போய்ப் பார்த்தபோது யாரும் மிச்சமில்லை.

முதல் நாள் இரவு, மஃரிபுக்குப் பிறகு, ராத்தாவின் திண்ணையில் அயல் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்தது. இருவர் பன் பாய் இழைத்தபடி கதை கேட்டார்கள். வெளியூர் ஆள் வந்தால் திண்ணைதான் இங்கே வானொலி. பத்தாம் வகுப்பில் படிக்கும் பேத்தி கேட்டாள்: "நீங்க ஆறு மணித்தியாலம் கிடந்தீங்க. அதுக்கு மேல கிடந்த ஆக்கள் இரிக்காங்களா?"

இருக்கிறார்கள். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சேக் கரையிலிருந்து அள்ளுண்டு போன ஓர் இளம் பெண், ஒரு சவ்வரிசிப் பனையைப் பிடித்தபடி ஐந்து நாள் கடலில் இருந்தார். வயிற்றில் பிள்ளை. அந்த மரத்தின் பழத்தையும் பட்டையையும் தின்று உயிர் பிடித்திருந்தார். மலேசிய மீன்பிடிப் படகு ஒன்று அவரைக் கண்டு ஏற்றியது. ஆச்சேயைச் சேர்ந்த ஓர் இளைஞர் எட்டு நாள் மரக்கிளைகளில் மிதந்தார். மழைத் தண்ணீரும் மிதந்து வந்த தேங்காயும்தான் ஆகாரம். முதலில் அவரோடு வேறு ஆட்களும் இருந்தார்கள், ஒவ்வொருவராகக் கை விட்டுப் போனார்கள். 'டர்பன் பிரிட்ஜ்' என்ற சரக்குக் கப்பல் அவரைத் தூக்கியது. இன்னொருவர் ஏறத்தாழ இரண்டு கிழமை கிடந்து பிழைத்தார்.

"அவ்வளவு தண்ணிக்க இருந்தும் குடிக்க ஏலாதே" என்றார் ஒரு மாமி. அதுதான் கடலின் கொடுமை. கடல் தண்ணீர் தாகத்தைத் தீர்க்காது, கூட்டும். அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடுதலான தண்ணீர் சிறுநீரகத்துக்கு வேண்டும். அதை அது நம் உடம்பிலிருந்தே எடுக்கிறது. ஆகவே எவ்வளவு தாகமானாலும் கடல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தலையைத் துணியால் மூட வேண்டும். வீணாகக் கையைக் காலை அடித்துக் களைக்கக் கூடாது. மிதக்கும் எதையும் விடக் கூடாது. கூட ஆள் இருந்தால் பிரியக் கூடாது. தனித்தலையைவிட ஒன்றாயிருக்கும் இரண்டு தலை தூரத்துக்குத் தெரியும். நீந்தத் தெரியாதவரும் பதறாமல் மல்லாந்து கிடந்தால் சற்று நேரம் மிதக்கலாம். இதை எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கரையிலோ குளத்திலோ சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது பேத்தி ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது: ஆச்சேயின் சில கிராமங்களில் இறந்த பெண்களின் தொகை இறந்த ஆண்களைவிட மிகக் கூடுதல். பெண்கள் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள், நீந்தவும் மரமேறவும் பழகவில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை.

பிறகு நான் ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி சொன்ன கதையைச் சொன்னேன். அவனுக்கு முந்திப் போனவர்களின் கதை.

1986 ஓகஸ்ட் 11. கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூபவுண்ட்லாந்து என்ற பெரிய தீவு. அதன் தெற்கில் சென்ட் ஷொட்ஸ் என்ற மீனவக் கிராமத்துக்கு அப்பால், கடும் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றுக்குள் நெருக்கியடித்தபடி 155 இலங்கைத் தமிழர். பெரும்பாலும் இளம் ஆண்கள், சில பெண்களும் குழந்தைகளும். நாட்டில் இருக்க முடியாமல் மேற்கு ஜேர்மனிக்குப் போய், அங்கும் நிலையில்லாமல், பெரும் பணம் கொடுத்து 'அவுரிகே' என்ற சரக்குக் கப்பலில் ஏறியவர்கள். கப்பல்காரர் அவர்களை நடுக்கடலில் இந்தப் படகுகளில் இறக்கி விட்டுப் போய்விட்டார். எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் நாட்கணக்கில் குளிரில் கிடந்தார்கள். மீன்பிடிக்க வந்த கஸ் டால்டன் என்ற மீனவர்தான் அவர்களைக் கண்டார். கடலோரக் காவற்படைக்குச் செய்தி அனுப்பினார். மற்ற மீன்பிடிப் படகுகளும் வந்தன. எல்லோரையும் ஏற்றினார்கள்.

எங்கிருந்து வந்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்டபோது, நேரே இந்தியாவிலிருந்து என்று சொன்னார்கள். ஜேர்மனியிலிருந்து வந்தது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. கனடாவில் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்க அனுமதி கொடுத்தது. அவர்கள் வேலை செய்து, குடும்பமாகி, பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 2016இல், முப்பது ஆண்டு நிறைவில், அவர்களில் சிலர் அந்தக் கரைக்குத் திரும்பிப் போய், தங்களைக் காப்பாற்றிய டால்டனைச் சந்தித்தார்கள்.

"பொய் சொன்னதுக்கு அந்த மனிசன் கோவிக்கல்லையா?" என்று ஒரு தங்கை கேட்டாள்.

நான் பதில் தேடுமுன் ராத்தா சொன்னார்: "தண்ணிக்க கிடக்கிறவங்கட்ட ஆரும் அடையாள அட்டை கேக்கிறயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அடையாள அட்டை என்ற சொல்லின் பாரம் எங்கள் தலைமுறைப் பெண்களுக்குத் தெரியும். அட்டையைப் பார்த்து இறக்கி வைத்த பஸ்கள், திரும்பி வராத ஆண்கள். என் கணவரை 1990இல் கொண்டு போனார்கள். அதே வருடம் ராத்தாவின் தம்பி வயலுக்குப் போனவர் மையித்தாக வந்தார். யார் யாரைக் கொண்டு போனார்கள் என்று எழுதினால் இந்தத் திண்ணையில் இருந்தவர்களே இரண்டு பக்கமாகப் பிரிய வேண்டி வரும். கதவைப் பிடித்திருந்தபோது நாங்கள் அதைப் பேசவில்லை. கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

கரைக்கு வந்ததும் எல்லாம் நல்லபடியாக நடந்ததென்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு முகாம், அவருக்கு ஒரு முகாம். நிவாரணப் பட்டியல் ஊர் ஊராக, ஆட்கள் ஆட்களாகப் பிரிந்தது. ஒரு தடவை வரிசையில் நான் நின்றபோது, "உங்கட ஆக்களுக்கு அங்கால குடுக்கிறாங்க" என்று ஒருவர் என்னைத் திருப்பினார். இன்னொரு நாள் எங்கள் பக்கத்தில் ராத்தாவுக்கும் அதே பதில் கிடைத்தது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததும், அவரது துண்டுக் காணிக்கு வழியில்லாமல் போனது. அவரது உம்மாவுக்கு வரிப்பத்தான்சேனையில் ஒரு வளவு இருந்தது. மிஞ்சிய மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். காணியைவிடப் பெரிய காரணம் கடல்தான்.

திண்ணையில் கடைசியாகப் பேசியது ரோஹிங்கியா மக்களைப் பற்றி. 2013 பெப்ரவரியில் எங்கள் அக்கரைப்பற்றுக்கு நேரே ஆழ்கடலில் மூழ்கிக்கொண்டிருந்த மரப்படகிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கடற்படையினர் மீட்டது சிலருக்கு நினைவிருந்தது. அதே மாதம் மீட்கப்பட்ட இன்னொரு படகில் 32 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். கூட வந்தவர்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பசியிலும் தாகத்திலும் இறந்தார்கள் என்றும், உடல்களைக் கடலில் விட்டோம் என்றும் தப்பியவர்கள் சொன்னார்கள். பிறகு 2024 டிசம்பர் 19 அன்று முள்ளிவாய்க்கால் கரைக்கு ஒரு படகு வந்தது. நூறு பேருக்கு மேல், பெண்களும் நிறையக் குழந்தைகளும். வழியில் சிலர் இறந்திருந்தார்கள். முதலில் கண்டவர்கள் மீனவர்கள். ஊர் மக்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். பிறகு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு போனார்கள்.

முள்ளிவாய்க்கால் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009இல் அந்தக் கரையில் ஒரு வாய்க் கஞ்சிக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்ற மக்கள்தான், பதினைந்து வருடத்தின் பின் அதே கரையில் வேறொரு சனத்துக்குச் சோற்றுப் பார்சலை நீட்டினார்கள். 1986இல் பனிமூட்டத்துக்குள் படகில் இருந்தது தமிழர். 2024இல் கரையில் நின்றது தமிழர். "ஒருக்கா நாம தண்ணிக்க, ஒருக்கா நாம கரையில" என்றார் பாய் இழைத்துக்கொண்டிருந்த மாமி, தலை நிமிராமல்.

அந்த இரவு நித்திரை வரவில்லை. திண்ணையில் சொல்லாத ஒன்று எனக்கும் ராத்தாவுக்கும் இடையில் இருந்தது. இருபது வருடமாக இருக்கிறது. இந்த முறை அதைக் கேட்டுவிட வேண்டுமென்றுதான் வந்தேன்.

கதவில் கிடந்தபோது, நண்பகல் போல, தூரத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ மிதந்தது. ராத்தாவின் இளைய மகளுக்கு ஏழு வயது. காலையில் மஞ்சள் சட்டை போட்டிருந்தாளாம். "என்ட புள்ள, என்ட புள்ள" என்று கத்திக்கொண்டு அவர் கையை விடப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் உதறிய போது அவரது தலைமுடியை என் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அடித்தார், கடித்தார். அந்த வடு இன்னும் என் கையில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் நிறம் கண்ணுக்கு மறைந்தது. மகளின் உடல் கிடைக்கவே இல்லை. அதன் பிறகு இரண்டு வருடம் ராத்தா என்னோடு பேசவில்லை. நான் போனால் கதவைச் சாத்தினார். பிறகு ஒரு நோன்புப் பெருநாளுக்கு அவரே ஆள் அனுப்பினார். போனேன், சாப்பிட்டோம். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

விடிந்ததும் குளத்தடிக்குப் போனோம். ராத்தா பாய்க்குப் பன் வெட்டுகிறவர். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்குவார். அதற்கு மேல் ஓர் அடி வைக்கமாட்டார். குளத்தில் வெள்ளைக் கொக்குகள். ஒரு சிறிய தோணியில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். காற்று இல்லாத நேரம், தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் கரையில் நின்று பன்னை வாங்கி அடுக்கினேன்.

அப்போதுதான் கேட்டேன். "ராத்தா, அண்டைக்கு நான் உங்கள விட்டிருக்க வேணுமா?"

கத்தியை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே சொன்னார்: "அது உடுப்புத்தான் புள்ள. வெறும் உடுப்பு. புள்ள அதுக்குள்ள இல்ல. எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. தெரிந்தும் ஏன் இரண்டு வருடம் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

ராத்தா நிமிர்ந்தார். "அலை வரக்கொள்ள அவள்ட கை என்ட கையிலதான் இருந்திச்சி. என்ட கையாலதான் போச்சு. அத நான் எங்க கொண்டு வைக்க? நீ விடல்ல எண்டு சொல்லிக்கிட்டா, நான் விடல்ல எண்டு ஆகும். அதுக்குத்தான் உன்னில பழியப் போட்டன்."

நானும் என்னுடையதைச் சொன்னேன். எல்லோரும் என்னை, ஒரு முஸ்லிம் பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய தமிழ்ப் பெண் என்று சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். ஆனால் நான் அவரைப் பிடித்தது அவருக்காக இல்லை. அவர் விட்டால் கதவு புரளும், நான் தனியே கிடக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் முடியைச் சுற்றிப் பிடித்தேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் ராத்தா. "உன்ட கை நடுங்கின நடுக்கத்துல தெரியும். பயத்துல பிடிச்ச பிடிதான் நம்ம ரெண்டு பேரையும் கரைக்குக் கொண்டு வந்த. நல்ல எண்ணத்துல பிடிச்சிருந்தா எப்பவோ விட்டிருப்பா."

பிறகு பன் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

வழியில் இன்னொன்றும் பேசினோம். சுனாமியில் காணாமல் போனவர்களின் இறப்பைப் பதிவு செய்ய 2005இல் விசேட சட்டம் வந்தது. உடல் கிடைக்காவிட்டாலும் பதியலாம். ராத்தா மகளின் பத்திரத்தை எடுத்துவிட்டார். என் கணவரைப் போலக் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு 2010இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி மரணச் சான்றிதழ்தான் எடுக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் எடுக்க வழி செய்தார்கள். காணி, வங்கி, கொடுப்பனவு போன்ற அலுவல்களுக்கு அதைக் காட்டலாம். நான் இன்னும் இரண்டையும் எடுக்கவில்லை. எடுத்தால் கையை விட்டதாகிவிடும் என்று இருந்தேன். "கடதாசி எடுத்தா புள்ளய மறந்திருவன் எண்டு நானும் பயந்தன்" என்றார் ராத்தா. "மறக்கல்ல. ஒவ்வொரு சுபஹுக்கும் துஆ கேக்கிறன். கடதாசி கந்தோருக்கு, துஆ அவளுக்கு." கணவனை இழந்தவருக்கு இத்தா இருக்க நாலு மாதமும் பத்து நாளும் என்று ஒரு கணக்கு உண்டு. உனக்கு அந்தக் கணக்கும் இல்லாமல் முப்பத்தைந்து வருடமாகிறதே என்றார். அந்தச் சொல் என் மனதில் நிற்கிறது. எடுப்பேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எடுத்த சகோதரிகளைக் குறையாக நினைத்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. அது மட்டும் அன்றோடு போய்விட்டது.

பகல் சாப்பாட்டுக்குப் பின் புறப்பட்டேன். ராத்தா ஒரு பன் பாயைச் சுருட்டிக் கட்டித் தந்தார். எங்களை ஏற்றிய வள்ளத்துக்காரருக்கும் ஒன்று. வருடா வருடம் அவருக்கு ஒரு பாய் என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். கடலோரத்துக்கு அவர் வருவதில்லை. வள்ளத்துக்காரர் கரையை விட்டு வருவதில்லை. நடுவில் பாயைத் தூக்கிக்கொண்டு போகிறவள் நான்.

ஓட்டோ வந்ததும் பேத்தி ஓடி வந்து என் காதுக்குள் சொன்னாள். உம்மம்மா சம்மதித்து விட்டாராம். அடுத்த சிறுபோகத்துக்குள், குளத்தில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, வாப்பா அவளுக்கும் அயல் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீந்தப் பழக்குவாராம். ஒரு நிபந்தனை. பழக்கும் நாளில் நானும் வந்து கரையில் நிற்க வேண்டும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். பஸ் கிழக்கே திரும்பிக் காரைதீவை நெருங்கும்போது காற்றில் உப்பு மணம் வந்தது. மடியில் இரண்டு பாய்கள். எங்கள் வீடுகளில் கதவின் மறுபக்கத்தில் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவர் நல்லவரா, நம்மவரா, என்ன எண்ணத்தில் பிடித்தார் என்று தண்ணீருக்குள் கிடந்தபோது நாம் பார்க்கவில்லை. கரைக்கு வந்த பிறகும் அவரைப் போய்ப் பார்த்து வர ஒரு பஸ் இருக்கத்தான் செய்கிறது.